விதைப்பூண்டு விற்ற வருஷம்

தன்னைக் கேட்காமலே தன் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சொல்லிவிட்டாள் என்பதுதான் ஞானவேலுக்கு மகாதேவி மேல் இருந்த ஆத்திரம். வருஷக்கணக்காக உள்ளேயே கிடந்து புகைந்த ஆத்திரம். அதிலும் கொடுமை, அந்த ஊர்களுக்கெல்லாம் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டதே அவன்தான்.

கதை ஒன்றும் பெரிதில்லை. கொடைக்கானல் மேல்மலையில் தன் ஊரான கிளாவரையிலிருந்து பூண்டும் காரட்டும் ஏற்றிக் கீழே கொண்டுபோய்ப் பிழைக்கலாம் என்று ஒரு பிக்கப் வண்டியைக் கடனில் வாங்கினான் ஞானவேல். படிப்பு ஐந்தாவதோடு சரி. கம்பெனிக்காரன் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அது குறையாத வட்டி, முதல் நாள் வாங்கிய அசலுக்கே கடைசி வரை கணக்கு. கடைசித் தவணை முடிந்த பிறகுதான் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு மகாதேவி வீட்டுக்குப் போனான். பக்கத்து வீடு, முறைக்குத் தங்கச்சி, பன்னிரண்டு வரை படித்தவள். அவள் படித்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கட்டி முடிச்சப்புறம் காட்டுறீங்களேண்ணே. ஒரு வண்டிக்கு ஒன்றரை வண்டிப் பணம் கட்டியிருக்கீங்க."

அதோடு விட்டிருந்தால் தேவலை. அடுத்த வருஷமே கொடைக்கானலில் இருந்த ஒரு தொண்டு நிறுவனம் அவளை வேலைக்கு எடுத்தது. மேல்மலை ஊர்களில் பெண்கள் குழுவைக் கூட்டி வைத்து, பணத்தை எப்படிச் சேர்ப்பது, எந்தக் கடனை வாங்கலாம், எதில் கையெழுத்துப் போடக்கூடாது என்று பாடம் எடுக்க வேண்டும். படம் போட்ட அட்டைகளும் ஒரு தோள்பையும் கொடுத்தார்கள். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று எல்லா ஊரிலும் அவளுடைய முதல் பாடம் இப்படித்தான் தொடங்கும்.

"எங்க ஊர்ல ஒரு அண்ணன் இருக்காரு. பேரு வேண்டாம். ஒரு வண்டி வாங்குனாரு, ஒன்றரை வண்டிக்குக் காசு கட்டுனாரு. அந்த அரை வண்டி எங்க கெடக்குன்னு இன்னமும் தேடிக்கிட்டிருக்காரு."

கூட்டம் குலுங்கிச் சிரிக்கும். பேர் எதற்கு? சன்னலுக்கு வெளியே வண்டி நிற்கிறது, பானட் மேல் சாய்ந்துகொண்டு அந்த அண்ணனும் நிற்கிறார். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பும்.

கவுஞ்சியில் டீக்கடை வைத்திருந்த வேலுமணி வேறு விடமாட்டான். "ஏலே ஞானவேலு, அந்த அரை வண்டி கெடச்சுதாலே? கெடச்சா சொல்லு, எனக்குப் பால் எடுத்தாரணும்."

"ஒன் டீயக் குடிச்சுட்டு வண்டி ஓட்டுறதே பெரிசு. பேசாம கெளாஸக் கழுவு," என்பான் ஞானவேல். வெளியே சிரிப்பான். உள்ளே எரியும். ஆனால் மகாதேவியிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பொம்பளைப்பிள்ளையிடம் போய் நீ என்னைக் கேலி செய்யாதே என்று கேட்கவா முடியும்? டீசல் காசுக்கு மட்டும் வண்டி ஓட்டினான். அதை மட்டும் கறாராக வாங்கிக்கொண்டான்.

அவளுக்கு அந்த வேலை வெறும் சம்பளம் இல்லை. பிறந்த ஊர் அடுக்கம். அவளுடைய அப்பா யாரோ ஒருவன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, இருந்த ஆரஞ்சுத் தோட்டத்தை இழந்தவர். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு ஆள் படித்துச் சொல்லியிருந்தால் தோட்டம் நின்றிருக்கும் என்று அவள் அடிக்கடி சொல்வாள். புருஷனும் சின்ன வயதில் போய்விட்டான். ஒரே மகன் முகேஷ் பழனியில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தான். அதனால் பாடமே அவளுக்குக் குடும்பம் மாதிரி ஆகிப்போனது. மழை, பனி, காட்டுமாடு குறுக்கே நிற்கும் ரோடு, எதுவும் அவளை நிறுத்தாது. வெள்ளனே தோள்பையோடு வந்து வண்டிக் கதவைத் தட்டுவாள்.

"வெரசா வாங்கண்ணே. அவங்க காட்டு வேலைக்குப் போறதுக்குள்ள பிடிக்கணும்."

பாடம் பலித்ததா என்று பார்க்க மதுரையிலிருந்து லாவண்யா என்று ஒரு பெண் கையில் டேப்லட்டோடு வந்தாள். குழுப் பெண்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேள்வி கேட்டாள். இருளாயி முறை வந்தது. இருளாயி கிளாவரைக்காரிதான், மகாதேவியின் வகுப்பில் முதல் வரிசைக்காரி. அரை ஏக்கர் காடு, ஒண்டிக்கட்டை, ஒரு வகுப்பு தவறியதில்லை.

"செலவு போக மிச்சத்தச் சேமிக்கணுமா, சேமிப்ப எடுத்து வச்சுட்டு மிச்சத்தச் செலவழிக்கணுமா?"

"சேமிப்புத்தாம்மா முதல்ல. அதுல என்ன சந்தேகம்?"

"கடன் வாங்கறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?"

"நாலு எடத்துல வட்டி விசாரிக்கணும். எழுதுனத வாசிக்கச் சொல்லிக் கேக்கணும். அரை வண்டிக் கத தெரியுமா ஒங்களுக்கு?"

"நீங்க மாசம் எவ்வளவு சேமிக்கிறீங்க?"

"நானா?" இருளாயி அந்தப் பெண்ணை ஒரு மாதிரி பார்த்தாள். "எனக்கு ஏதும்மா மாசம்? பூண்டு வந்தாக் காசு, வராட்டி மாசமே கெடையாது."

மாவட்டத்திலேயே மேல்மலைப் பெண்கள்தான் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னார்கள் என்று மகாதேவியை மேடையில் ஏற்றிச் சால்வை போட்டார்கள். திரும்பி வரும்போது அவள் சால்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னத்தா, சால்வ பத்தலையா?" என்றான் ஞானவேல்.

"எல்லாரும் சரியாச் சொல்றாங்கண்ணே. ஒருத்தரும் செய்யல. நகை அடகுல இருக்கு, தெரியாதவனுக்கு ஜாமீன் போடுறாங்க, வாசல்ல வர்ற கடன்காரன்கிட்ட வாங்குறாங்க. நான் பாட்டுச் சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிருச்சு. ஒரே ஒரு பாடத்த அவங்க கையால செஞ்சு பாத்துட்டா எனக்குப் போதும்."

அந்த ஆசைதான் பின்னால் வினையானது.

மேல்மலை வீடுகளில் அடுப்புக்கு மேலே மூங்கில் பரண் இருக்கும். தாளோடு கட்டிய பூண்டுக் கட்டுகள் அதில் தொங்கும். மாசக்கணக்கில் புகை பிடித்துக் காய்ந்தால்தான் அது விதை. நேற்றுப் பிடுங்கிய பூண்டை இன்றைக்கு ஊன்றினால் முளைக்காது. புரட்டாசியில் பிடுங்கித் தைக் குளிரில் பரணில் தொங்குவதுதான் வைகாசியில் மண்ணுக்குப் போகும். விதைப்பரணை விற்கிற வழக்கம் அங்கே கிடையாது. ஒரு வீட்டில் விதை குறைந்தால் அடுத்த வீட்டில் எடை போட்டுத் தருவார்கள். அறுவடை ஆனதும், சந்தைக்கு ஒரு மூட்டை ஏற்றும் முன்னால், அதே எடை திரும்பி வந்துவிடும். காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை.

மகாதேவியின் அட்டைகளில் ஒன்றில், தூங்குகிற சொத்து என்று எழுதி, பீரோவில் நகையும் வாசலில் ஓடாத ஸ்கூட்டரும் படம் போட்டிருக்கும். சும்மா கிடக்கும் பொருளை நல்ல விலை வரும்போது காசாக்கு, காசை வேலை செய்ய விடு என்பது பாடம். மேல்மலையில் யார் வீட்டில் ஓடாத ஸ்கூட்டர் நிற்கிறது? ஓடுகிற ஸ்கூட்டரே அபூர்வம். அதனால் அந்த அட்டை எடுபடவே இல்லை.

அந்தத் தை மாசம் பூண்டு விலை ஏறியது. ஏறியது என்றால், டீக்கடையில் பேச்சு பூண்டைத் தவிர வேறு இல்லை. வியாபாரிகள் கீழே வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் காத்திராமல் மலைமேலேயே வந்துவிட்டார்கள். மகாதேவி பெண்களைத் தன் வீட்டு வாசலில் கூட்டினாள். அட்டையை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து, அடுப்படியைக் காட்டினாள்.

"தூங்குற சொத்து எதுன்னு கேட்டீங்கள்ல? அந்தா தொங்குது பாருங்க. இன்னிக்கி உச்சி வெல. வித்து பேங்க்ல போடுங்க. வடக்க இருந்து புதுப் பூண்டு வந்துட்டா வெல பாதியா எறங்கிரும். வைகாசிக்குப் பாதிக் காசுல விதை வாங்கி ஊனலாம். மிச்சம் ஒங்க கையில. ஆனா ஒண்ணு. விதைக் காசத் தொடக்கூடாது."

வண்டியில் சாய்ந்து நின்ற ஞானவேலுக்கு என்னவோ ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று அவனுக்கே தெரியாது.

"ஏத்தா, பரண்ல கை வைக்காதீங்க. வெல இன்னும் ஏறும்," என்றான்.

"ஏறும்னு எப்பிடிண்ணே சொல்றீங்க?"

"ஏறும். அம்புட்டுத்தான்."

"எறங்கிட்டா?"

அவன் தோள்துண்டால் பானட்டைத் துடைத்தான். சொன்ன காரணமும் தப்பு. விலை அதற்கு மேல் ஏறவில்லை. கூட்டத்தில் ஒருத்தி குரல் கொடுத்தாள். "அரை வண்டிக்காரரு வெல சொல்றாரு, எல்லாரும் கேட்டுக்கங்கடி!"

வாசலே சிரித்தது. மகாதேவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அவன் பேச்சு செத்தது. இத்தனை வருஷம் எல்லா ஊரிலும் முட்டாளுக்கு உதாரணமாக இருந்தவன் சொல்லை எவள் எடுப்பாள்?

அன்று வீட்டில் அவன் பெண்டாட்டி தமயந்தி பிடித்துக்கொண்டாள். "ஊரே ஏத்துது. நம்ம பூண்டு மட்டும் என்ன, தங்கமா?"

"அவ சொன்னான்னு நான் ஒரு பல்லுக்கூட விக்க மாட்டேன். போ, சோலியப் பாரு."

புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. வெறும் வீம்பு. ஊர்ப் பரண் எல்லாவற்றையும் அவன் வண்டிதான் கீழே சுமந்தது. ஒவ்வொரு நடைக்கும் கூலி வாங்கினான். சொந்தப் பரணில் மட்டும் கை வைக்கவில்லை.

ஏழு வருஷமாக ஒரு பாடத்தையும் செய்யாத பெண்கள் இந்த ஒரு பாடத்தைச் செய்தார்கள். அதிலும் பாதியைத்தான். விற்பது பிடித்திருந்தது, விற்றார்கள். காசைத் தொடாமல் வைப்பது பிடிக்கவில்லை. ஒரு வீட்டில் பைக் வந்தது, ஒரு வீட்டில் பெரிய டிவி, ஒரு வீட்டில் மகளுக்குப் பாக்கி வைத்திருந்த சீர். முழுப் பாடத்தையும் செய்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி மகாதேவி, இன்னொருத்தி இருளாயி. இருவரும் ஞானவேல் வண்டியில்தான் பேங்குக்குப் போய்ப் பணம் போட்டார்கள். இருளாயி ரசீதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, மலை ஏறும் வரைக்கும் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

விலை இறங்கியது. மகாதேவி போட்ட கணக்கு அப்படியே நடந்தது. சித்திரையில் அவள் நடந்த நடையிலேயே ஒரு துள்ளல் இருந்தது. வைகாசி பிறந்ததும் இருளாயியையும் கூட்டிக்கொண்டு வடுகபட்டிக்கு விதை வாங்க இறங்கினாள். கமிஷன் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இருவரையும் பார்த்தார்.

"மலைப்பூண்டு விதையா? அத நீங்கதான தாயி எங்களுக்குத் தரணும்?"

"தைல நாங்க குடுத்தது இருக்கும்லண்ணே?"

"தைல குடுத்தது தையிலேயே ரசத்துக்குப் போயிருச்சு. மேல இருக்குற எல்லா ஊர்க்காரனும் வித்துட்டான். இப்ப எல்லாரும் விதைக்கு என் கடை வாசல்ல நிக்கிறீக. நான் எங்க போக?"

ஊரே விற்றால் ஊருக்கு யார் விற்பார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. அட்டையில் அது போட்டிருக்கவில்லை. யாருக்குமே தோன்றவில்லை, அது வேறு.

ஊரில் மிஞ்சியது ஞானவேல் பரண் ஒன்றுதான், அது அவன் காட்டுக்கே சரி. வேறு வழியில்லாமல் வடக்கிலிருந்து வந்த வெள்ளைப் பூண்டை வாங்கி ஊன்றினார்கள். ஆள் உயரத்துக்குத் தாள் வரும்போல வளர்ந்தது. கீழே பிடுங்கிப் பார்த்தால் பல் பிரியாமல் வெங்காயக்குருத்து மாதிரி இருந்தது. ஆடிச் சாரலிலும் மஞ்சிலும் அதுவும் அழுகியது. பைக் வாங்கியவளுக்கும் விதை இல்லை, பேங்கில் போட்டவளுக்கும் விதை இல்லை. பாதிப் பாடமும் முழுப் பாடமும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

யாரும் மகாதேவியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். போன வீட்டில் எல்லாம் காபி கொடுத்தார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். வகுப்புக்கு மட்டும் ஒருத்தியும் வரவில்லை. கவுஞ்சியில் ஒரு நாள் வெறும் பாயை விரித்துப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தானே சுருட்டி எடுத்துக்கொண்டு வண்டிக்கு வந்தாள்.

புரட்டாசியில் ஞானவேல் காட்டில் மட்டும் நல்ல பூண்டு விளைந்தது. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் பழைய வழக்கப்படி எடை போட்டுக் கொடுத்தான். வருஷத்துக்கு ஒரு போகம் போடுகிற ஊர், அந்த வருஷம் மட்டும் அதைப் புகையில் காயவைத்து ஐப்பசிக் கடைசியிலேயே ஊன்றியது. தமயந்தி தெருவில் நிமிர்ந்து நடந்தாள். இருளாயி மட்டும் வரவில்லை. அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கொடைக்கானல் பக்கம் அட்டுவம்பட்டிக்குப் போய்விட்டாள், ஒரு காட்டேஜில் துணி துவைக்கிற வேலைக்கு. அது மகாதேவிக்குத் தைத்துவிட்டது. மற்றவர்கள் பாதி கேட்டவர்கள். இருளாயி முழுசாக நம்பியவள். அவள் திரும்பி வந்து, அவள் பரணில் மறுபடி பூண்டு தொங்கினால்தான் தனக்குத் தூக்கம் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

ஞானவேலைக் கூட்டிக்கொண்டு அட்டுவம்பட்டிக்குப் போனாள். காட்டேஜுக்குப் பின்னால் வரிசையாக வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. இருளாயி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாங்கக்கா. வாங்கண்ணே. டீ சொல்லட்டா? இங்க டிப் டீதான், பைய முக்கி எடுப்பாங்க, பாக்கச் சிரிப்பா இருக்கும்."

"ஊருக்கு வா இருளாயி. காடு சும்மா கெடக்கு."

"வந்து என்னக்கா செய்ய? இங்க மாசம் பொறந்தாக் காசு. நீங்க சொன்னீகள்ல, சேமிப்ப முதல்ல எடுத்து வையின்னு? இப்பத்தான்க்கா அதச் செய்ய முடியுது. எடுத்து வச்சுட்டுத்தான் அரிசியே வாங்குறேன். ஒங்களுக்குச் சந்தோசந்தான?"

அவள் குத்திப் பேசவில்லை. நிஜமாகவே டீச்சரிடம் நல்ல பேர் வாங்கும் முகத்தோடு நின்றாள். மகாதேவி தலையை மட்டும் ஆட்டினாள்.

"விதை வந்தா வருவியா?" என்று ஞானவேல்தான் கேட்டான்.

இருளாயி விரிப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பரண்ல தொங்கட்டும்ண்ணே. புகை வாசம் வந்தாத் தன்னால கால் வரும். இல்லாத விதைக்கு வேலைய விட்டுட்டு வரச் சொல்லாதீக."

திரும்பும் வழியில் மஞ்சு இறங்கி ரோடு தெரியவில்லை. ஞானவேல் வண்டியை ஓரங்கட்டினான். எதையாவது பேச வேண்டும் போலிருந்தது. தெரிந்ததெல்லாம் பழைய கோபம் ஒன்றுதான்.

"அந்த அரை வண்டிக் கதய இனிமே சொல்லாத தாயி. எனக்குக் கஷ்டமா இருந்துச்சு."

அவள் விசுக்கென்று திரும்பினாள். "நீங்களும் சிரிச்சீங்களேண்ணே? வெளிய நின்னு சிரிச்சீங்களே."

"சிரிக்காம அழவா முடியும்?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"கேட்டிருக்கணும்ல நீ."

அவள் முந்தானையால் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கி வாசல்ல நீங்க சொன்னப்ப, ஏன் வேணாங்கிறீங்கன்னு நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்ண்ணே. சிரிச்சுப்புட்டேன்."

"கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்காது," என்றான் அவன். அது உண்மை. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னான். ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

ஊருக்கு வந்ததும் மகாதேவி அவனிடம் இருளாயிக்காக விதை கேட்டாள். அவன் பரணில் தனக்கு ஊன்றுகிற அளவுக்குத்தான் மிச்சம். கொடுத்ததெல்லாம் மாசி அறுவடையில் திரும்பி வரும், அப்போது தருகிறேன் என்றான். அதற்குக் காசு தருகிறேன் என்றாள். "விதைக்கு ஏது காசு? வாயக் கழுவு," என்று அதட்டினான். பேங்கில் அவள் போட்ட விதைக் காசில், வெள்ளைப் பூண்டு வாங்கியது போக மிச்சம் அப்படியே கிடந்தது. கடைசியில் அது ஆஸ்பத்திரிக்குத்தான் உதவியது.

மார்கழியிலேயே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பனிக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். தேனிக்குக் கொண்டுபோன பிறகுதான் ஈரலில் கட்டி என்று தெரிந்தது. முகேஷ் பழனியிலிருந்து வந்து கூடவே இருந்தான். மாசியில் ஊரில் பூண்டு பிடுங்கினார்கள். வாங்கிய வீடுகளிலிருந்து எடை குறையாமல் விதை திரும்பி வந்தது. அதைச் சொல்லத்தான் ஞானவேல் தேனிக்கு இறங்கினான்.

ஆள் பாதியாகிவிட்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கேட்டாள். "வந்துருச்சாண்ணே?"

"வந்துருச்சு. இருளாயி பங்க ஒதுக்கி வச்சுட்டேன். நல்ல திரட்சி. சாவியப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போயிருக்கா, அவ வீட்டுப் பரண்லயே ஏத்திருவேன். வைகாசி வரைக்கும் தமயந்தி அடுப்பு மூட்டிப் புகை போடுவா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று அவன் எழுந்தான். கையைப் பிடித்தாள்.

"அவ வந்தா என்ன சொல்லுவீங்க?"

"என்ன சொல்ல? விதையில கை வைக்காத, இத விக்காத, இனிமேயாவது புத்தியா இருன்னு..."

"வேண்டாம்ண்ணே." மூச்சு வாங்கியது. வாங்கி முடிகிற வரைக்கும் அவன் நின்றான். "அவ ஊனட்டும், விக்கட்டும், இன்னொருத்திக்குக் குடுக்கட்டும். அவ இஷ்டம். நீங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்காதீங்க. பரண்ல ஏத்திக் கட்டிட்டு, பேசாம வந்துருங்க."